நாள் பார்க்கும் முன் நிலம் பார்ப்போம்

ஸ்ரீராமானுஜர் 1017-இல் அவதரித்த ஸ்ரீபெரும்புதூரும், வல்லக்கோட்டை முருகன் அருளும் ஒரகட வட்டாரமும் இன்று தொழிற்சாலைகள் சூழ்ந்த பூமி. பிள்ளைகளுக்காக இங்கு மனை தேடும் பெரியோர் வாஸ்துவும் முகூர்த்தமும் பார்ப்பது மரபு. அவற்றுக்கு முன் பார்க்க வேண்டியவை இரண்டு.

முதலாவது, நீர். இவ்வட்டார ஏரிகளின் உபரிநீர் சேரும் அடையாற்றின் கரையில், முடிச்சூரும் வரதராஜபுரமும் 2015 பெருமழையில் மூழ்கின. ஆகவே ஐப்பசி, கார்த்திகை மழையில் மனையை நேரில் காண்க.

இரண்டாவது, உரிமை. பட்டாவையும் 30 ஆண்டு வில்லங்கச் சான்றையும் சரிபார்த்து, கோயில் நிலம் அன்று என்பதை அறநிலையத் துறையிடம் உறுதிசெய்க. ஆணையரின் அனுமதியின்றிக் கோயில் நிலத்தை விற்பது 1959-ஆம் ஆண்டுச் சட்டப்படி செல்லாது. ‘சிவன் சொத்து குலநாசம்’ என்பது முன்னோர் வாக்கு. இவ்விரண்டும் தெளிந்த பின்னரே முன்பணம்; அதன் பின்னரே முகூர்த்தம்.