கணிப்பொறிக்குள் உறங்கும் அமானிதங்கள்

திருக்குர்ஆனின் மிக நீண்ட வசனம் தொழுகையைப் பற்றியதாகவோ நோன்பைப் பற்றியதாகவோ இருக்கும் எனப் பலரும் எண்ணக்கூடும். அல்பகரா அத்தியாயத்தின் 282ஆம் வசனமாகிய அது, தவணைக் கடனை எழுதி வைப்பதையும் அதற்குச் சாட்சிகளை ஏற்படுத்துவதையும் பற்றிப் பேசுகிறது. நம் பெரியவர்கள் பேரேட்டில் எழுதினார்கள். நாமோ கொடுக்கல் வாங்கலையும், ஜகாத் கணக்கையும், மறைந்த வாப்பாவின் புகைப்படங்களையும் மடிக்கணினிக்குள் இட்டு மூடிவிடுகிறோம். பேரேட்டைக் கறையான் அரிக்க மாதங்கள் ஆகும். மடிக்கணினி மேசையிலிருந்து ஒருமுறை விழுந்தாலே போதும்.

பழைய மடிக்கணினிகளில் உள்ள ஹார்டு டிஸ்க், காந்தப் பூச்சிட்ட வட்டத் தகடுகளால் ஆனது. பெரும்பாலும் நிமிடத்துக்கு 5,400 முறை சுழலும். அதைப் படிக்கும் முனை, தலைமுடியின் பருமனில் ஆயிரத்தில் ஒரு பங்குக்கும் குறைவான இடைவெளியில், தகட்டைத் தொடாமல் மிதந்து செல்கிறது. அதிர்ச்சியால் முனை தகட்டை உரசினால், அவ்விடத்துப் பதிவுகள் போனவைதாம். 'டக் டக்' என்ற ஓசை எழுந்தால் உடனே மின்சாரத்தை நிறுத்திவிட வேண்டும். மீண்டும் மீண்டும் இயக்கிப் பார்ப்பதே எஞ்சியதையும் அழித்துவிடும்.

இதற்குப் பதிலாக எஸ்.எஸ்.டி. பொருத்தினால், அசையும் உறுப்பு எதுவும் இல்லையாதலால் அதிர்ச்சியைத் தாங்கும். மந்தமான இயந்திரமும் சுறுசுறுப்படையும். பழைய மடிக்கணினிகள் பலவற்றுக்கு இரண்டரை அங்குல சாட்டா வகை, புதியவற்றுக்கு எம்.2 வகை. சிலவற்றில் சேமிப்பகம் பலகையோடு பற்றவைக்கப்பட்டிருக்கும்; அவற்றில் மாற்ற இயலாது.

திருகுகளைக் கழற்றுமுன், முக்கியமான கோப்புகளைத் தனியான வெளி டிஸ்க்கில் படியெடுங்கள். அவசரக்காரர்கள் தவறவிடுவது இதைத்தான். பிட்லாக்கர் பூட்டு இருப்பின், அதன் 48 இலக்க மீட்பு எண்ணைக் காகிதத்தில் குறித்துக்கொள்ளுங்கள். பின்னர் புதிய எஸ்.எஸ்.டி.யை யூ.எஸ்.பி. இணைப்பான் வழியாகப் பொருத்தி, குளோன்ஸில்லா போன்ற இலவச மென்பொருளால் முழுமையாக நகலெடுக்கலாம். புதியது பழையதைவிடக் கொள்ளளவில் சிறியதாக இருத்தலாகாது. எதிலிருந்து எதற்கு என்பதை இருமுறை பாருங்கள். திசை மாறினால் வெற்று டிஸ்க்தான் நகலாகும்! மின்சாரத்தையும் பேட்டரியையும் துண்டித்த பிறகே மாற்ற வேண்டும்.

நகல் ஒன்று இருப்பதால் நிம்மதி கொண்டுவிடலாகாது. எஸ்.எஸ்.டி.யும் முன்னறிவிப்பின்றிச் செயலிழப்பதுண்டு. மூன்று படிகள், இரு வகைச் சாதனங்கள், அவற்றுள் ஒன்று வேறிடத்தில் என்பது இத்துறையினர் பின்பற்றும் விதி. வெளி டிஸ்க்கை எப்போதும் இணைத்தே வைத்தால், பணயம் கேட்கும் வைரஸ் இரண்டையும் சேர்த்தே பூட்டிவிடும். மாதம் ஒருமுறை படியெடுத்துக் கழற்றி வைத்துவிடுவது நலம். படியிலிருந்து நாலைந்து கோப்புகளைத் திறந்தும் பாருங்கள்.

கழற்றிய பழைய டிஸ்க்கை என்ன செய்வது? ஒரு மாதம் அப்படியே வைத்திருங்கள். அதன்பின் கடையில் விற்பதானால், கோப்புகளை நீக்கிவிட்டோம் என்று நம்பிக் கொடுத்துவிடாதீர்கள். நீக்கியவற்றை மீட்டெடுக்கும் மென்பொருள்கள் இலவசமாகவே கிடைக்கின்றன. வீட்டுப் பெண்களின் படங்கள் அந்நியர் கையில் சிக்கலாமா? முழு டிஸ்க்கின்மீதும் வெற்றுத் தரவை எழுதும் மென்பொருளை ஓட்டிய பிறகே கொடுங்கள். என்னைக் கேட்டால், விற்காதிருப்பதே மேல்.

கணக்குக் கோப்பின் கடவுச்சொல்லை வீட்டில் நம்பிக்கையான ஒருவருக்கும் தெரிவித்து வையுங்கள். எழுதியவர் மௌத்தாகிவிட்டால், சொத்தைப் பங்கிடுமுன் அவருடைய கடனை அடைக்க வேண்டிய வாரிசுகள் அதைத் திறக்க வேண்டுமல்லவா?