தாழ்ந்த இமை

காலையில் கண்ணாடியில் முகம் பார்க்கும்போது ஓர் இமை மட்டும் தாழ்ந்து கிடக்கிறது. விரலால் தூக்கிப் பார்த்தாலோ எதிரில் உள்ளவை இரண்டிரண்டாகத் தெரிகின்றன. கண்ணுக்குப் பின்னால் வலியும் இருக்கிறது. "தூக்கக் குறைவுதான், அடுத்த மாதம் ஊருக்குப் போகும்போது நம் டாக்டரிடமே காட்டிக்கொள்ளலாம்" என்று ஒத்திப்போடுவது வெளியூரில் வாழும் நம்மவர் பலருக்கு வழக்கம். இந்த ஒரு விஷயத்தில் அவ்வழக்கம் உயிருக்கே உலை வைத்துவிடக்கூடும்.

மூளைக்கு இரத்தம் கொண்டுசெல்லும் குழாயின் சுவர் ஓரிடத்தில் நலிந்து, பழைய சைக்கிள் டியூபைப்போல் புடைத்துக்கொள்வதுண்டு. மருத்துவர்கள் இதனை அனூரிஸம் என்பர். பலருக்கு இது இருப்பதே தெரியாமல் ஆயுள் கழிந்துவிடும். ஆனால் மூளையின் அடிப்புறத்தில் இரத்தக் குழாய்களும் நரம்புகளும் நெருங்கி ஓடுகின்றன. 12 ஜோடிக் கபால நரம்புகளில் மூன்றாவது நரம்பே இமையை உயர்த்துவது. கண்ணைப் பல திசைகளிலும் திருப்புவது. கருவிழியின் நடுவிலுள்ள பாவையைச் சுருக்குவது. அதன் அருகே எழும் புடைப்பு அந்நரம்பை அழுத்தினால் இமை தாழும், கண் வெளிப்புறமும் கீழுமாக விலகும், பாவை விரியும்.

சர்க்கரை நோயாலும் இந்நரம்பு தளர்வதுண்டு. அப்போது இரத்தமின்றி வாடுவது நரம்பின் உட்பகுதி. பாவையைச் சுருக்கும் இழைகள் மேற்புறத்தே இருப்பதால் பெரும்பாலும் தப்பிவிடும்; சில மாதங்களில் இமையும் தானே எழும். வெளியிலிருந்து அழுத்தும் புடைப்போ அவ்விழைகளைத்தான் முதலில் தாக்குகிறது. ஆகவே இமை தாழ்ந்த கண்ணில் பாவையும் விரிந்திருந்தால் அது அபாய அறிவிப்பு. பாவை சரியாக இருக்கிறதென்று வீட்டிலேயே தீர்ப்புக் கூறிவிடவும் கூடாது. ஸ்கான் எடுத்துத்தான் முடிவு செய்ய வேண்டும். மூக்குக்கண்ணாடிக் கடைக்காரர் இதற்கு ஒன்றும் செய்ய இயலாது! புடைப்பு வெடித்தாலோ, மண்டையில் இடி விழுந்தாற்போன்ற தலைவலி, வாந்தி, நினைவிழப்பு, மரணமும் நேரலாம்.

1937-இல் அமெரிக்காவின் பால்டிமோர் நகரில் வால்ட்டர் டாண்டி என்னும் அறுவை நிபுணரிடம் வந்த நோயாளிக்கும் மூன்றாம் நரம்பு தளர்ந்திருந்தது. டாண்டி கபாலத்தைத் திறந்து, புடைப்பின் கழுத்தில் ஒரு வெள்ளிக் கவ்வியை மாட்டினார். மூளை அனூரிஸத்துக்குக் கவ்வியிட்ட முதற் சிகிச்சை அதுவே. நோயாளி பிழைத்தார், நரம்பும் மீண்டது. இன்று டைட்டானியக் கவ்விகள் வந்துள்ளன. கபாலத்தைத் திறவாமலே, தொடை இரத்தக் குழாய் வழியாக மெல்லிய குழலைச் செலுத்திப் பிளாட்டினச் சுருள்களால் புடைப்பை அடைப்பதும் உண்டு.

நரம்பு நெடுநாள் நசுங்கிக் கிடந்தால், புடைப்பை அடைத்த பின்னும் இமை முற்றும் எழாமற் போகலாம். ஆகையால் மூளை அறுவைப் பிரிவு உள்ள மருத்துவமனைக்கு அன்றே செல்லுங்கள். இமை எப்போது தாழ்ந்தது, வலி உண்டா, சர்க்கரை நோய் உண்டா என்ற மூன்றையும் அவ்வூர் மொழி அறிந்த ஒருவர் உடனிருந்து மருத்துவரிடம் சொல்லட்டும்.