மேசைக் கணினியில் வைஃபை அலை குன்றுதல்: காரணமும் பரிகாரமும்

கேரளத்தின் பாலக்காடு மாவட்டம், சித்தூர் தாலுகாவில், பொள்ளாச்சிக்குச் செல்லும் சாலையில், தமிழ்நாட்டு எல்லையை ஒட்டி அமைந்திருக்கிறது மீனாட்சிபுரம். தென்னந்தோப்புகள் சூழ்ந்த இவ்வெல்லைப் பகுதியில் தமிழைத் தாய்மொழியாகக் கொண்ட குடும்பங்கள் பல வாழ்கின்றன. 2020-ஆம் ஆண்டு ஜூன் 1-ஆம் தேதி, ‘ஃபர்ஸ்ட் பெல்’ என்னும் வகுப்புகள் தொலைக்காட்சி வாயிலாகவும் இணையத்தின் வாயிலாகவும் கேரளத்தில் தொடங்கின. இடுக்கி மாவட்டத்துத் தேயிலைத் தோட்டங்களில் வாழும் மாணவர்கள், கைபேசிக்கு அலை கிடைக்கும் மேட்டுநிலங்களைத் தேடிச் சென்று பாடம் கேட்டனர். பின்னர், 2023 ஜூன் 5-ஆம் தேதி, கே-ஃபோன் என்னும் கண்ணாடி இழைத் திட்டம் அம்மாநிலத்தில் தொடங்கி வைக்கப்பட்டது. அரசு அலுவலகங்கள், பள்ளிகள் முதலியவற்றோடு வசதி குறைந்த 20 லட்சம் குடும்பங்களுக்கும் இணைய இணைப்பு அளிப்பது அதன் நோக்கமாக அறிவிக்கப்பட்டது.

இவ்வாறு இணையம் வீட்டு வாசல் வரை வந்து சேருகின்ற காலத்தில், வாசலிலிருந்து மேசை வரையிலான சில அடி தூரமே பல வீடுகளில் தடையாக நிற்கிறது. கல்வி உதவித்தொகைக்கு விண்ணப்பிக்க வேண்டிய கடைசி நாள் மாலையில் பக்கம் திறவாமல் போவதும், களப்பணியாளர் பகல் முழுவதும் திரட்டிய விவரங்கள் இரவில் பதிவாகாமல் நிற்பதும் இதனால் நேரும் இழப்புகள். இணைப்பே மந்தமானது என்று எண்ணி, மாதந்தோறும் கூடுதல் கட்டணம் செலுத்தி அதிக வேகமுள்ள திட்டத்திற்கு மாறுகின்றவர்களும் உண்டு. குறை கம்பியில் இல்லாமல் அறைக்குள் இருக்குமாயின், அச்செலவால் யாதொரு பயனும் விளையாது. ஆகவே, முதலில் குறை எங்கே இருக்கிறது என்று அளந்து அறிவதும், பணம் செலவிடுவதற்கு முன் பொருள்களை இடம் மாற்றிப் பார்ப்பதுமே சரியான முறையாகும்.

அலையின் இயல்பு

வைஃபை என்பது வானொலி அலையே. வீடுகளில் வழங்கும் ரூட்டர் என்னும் கருவி, வினாடிக்கு ஏறத்தாழ 240 கோடி அதிர்வுகள் கொண்ட அலைவரிசையிலும், 500 கோடிக்கு மேற்பட்ட அதிர்வுகள் கொண்ட அலைவரிசையிலும் இயங்குகிறது. இவை முறையே 2.4 கிகாஹெர்ட்ஸ், 5 கிகாஹெர்ட்ஸ் என்று குறிக்கப்படுகின்றன. முன்னதன் அலைநீளம் சுமார் 12 சென்டிமீட்டர். பின்னதன் அலைநீளம் அதில் பாதிக்கும் சற்றுக் குறைவு. இந்தியாவில் 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையைத் தனி உரிமம் இன்றிப் பயன்படுத்த 2005-ஆம் ஆண்டிலும், 5 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையின் பெரும்பகுதியை அவ்வாறே பயன்படுத்த 2018-ஆம் ஆண்டிலும் வழி செய்யப்பட்டது.

இத்தகைய சிற்றலைகள் சுவரைக் கடந்து செல்லக்கூடியவை என்பது நம் நாட்டிலேயே முற்காலத்தில் காட்டப்பட்ட உண்மை. 1895-ஆம் ஆண்டில் கல்கத்தாவில் ஜகதீச சந்திர போஸ் சிற்றலைகளைச் சுவருக்கு அப்பால் அனுப்பி, அங்கிருந்த மணியை ஒலிக்கச் செய்தார். ஆனால், கடந்து செல்லும் ஒவ்வொரு தடையிலும் அலை தன் வலிமையில் ஒரு பகுதியை இழக்கிறது. மரக்கதவிலும் ஓட்டுக் கூரையிலும் இழப்பு குறைவு. தடித்த செங்கற்சுவரில் இழப்பு அதிகம். இரும்புக் கம்பிகள் பொதிந்த காங்கிரீட்டில் அது மேலும் அதிகம். தகரமும் இரும்புப் பீரோவும் அலையை ஊடுருவ விடாமல் திருப்பி அனுப்பிவிடுகின்றன. தண்ணீர் அலையை உறிஞ்சுகிறது. ஆதலால் நீர்த்தொட்டியும் ஈரச்சுவரும் கூடத் தடைகளே.

தூரத்தின் விளைவும் கருதத்தக்கது. தடையற்ற வெளியில் தூரம் இரு மடங்கானால் வலிமை நான்கில் ஒரு பங்காகிறது. 5 கிகாஹெர்ட்ஸ் அலை அதிக வேகத்தில் செய்திகளைச் சுமக்கவல்லது. எனினும் சுவர்களில் விரைவாக வலிமை இழக்கிறது. 2.4 கிகாஹெர்ட்ஸ் அலை வேகத்தில் குறைந்ததாயினும் தொலைவிலுள்ள அறைக்கும் செல்லும். ரூட்டர் இருக்கும் அறையிலேயே கணினியும் இருந்தால் 5 கிகாஹெர்ட்ஸையும், இடையில் இரண்டு மூன்று சுவர்கள் இருந்தால் 2.4 கிகாஹெர்ட்ஸையும் தேர்ந்தெடுப்பது பொருத்தம்.

வலிமையை அளக்கும் முறை

அலையின் வலிமை டிபிஎம் என்னும் அலகில் கூறப்படுகிறது. ஒரு மில்லிவாட் சக்தி இதில் சுழியம் எனக் கொள்ளப்படும். 10 எண்கள் இறங்கினால் சக்தி பத்தில் ஒரு பங்காகக் குறைந்தது என்று பொருள். ஆகவே −70 என்பது ஒரு மில்லிவாட்டில் கோடியில் ஒரு பங்கு. இவ்வளவு நுண்ணிய சக்தியைக் கொண்டும் கணினி வேலை செய்கிறது என்பது வியக்கத்தக்கது. −50 என்னும் அளவு மிக நன்று. −67 வரை காணொளிப் பாடங்கள் பொதுவாகத் தடையின்றி நடைபெறும். −80-ஐ நெருங்கினால் இணைப்பு அடிக்கடி அறுபடும். −50-க்கும் −80-க்கும் உள்ள வேறுபாடு ஆயிரம் மடங்கு என்பதை மனத்திற் கொள்ள வேண்டும். இவ்வளவைக் காட்டும் செயலிகள் கைபேசிகளுக்குக் கட்டணமின்றிக் கிடைக்கின்றன.

குறையின் இடத்தைக் கண்டறியக் கீழ்க்காணும் நான்கு சோதனைகள் போதும். முதலாவதாக, கணினியை ரூட்டரின் அருகில் கொண்டு சென்று, கம்பியால் இணைத்து வேகத்தை அளக்க வேண்டும். இரண்டாவதாக, கைபேசியை ரூட்டரிலிருந்து ஆறடி தூரத்தில் வைத்து வைஃபை வழியாக அளக்க வேண்டும். மூன்றாவதாக, அதே கைபேசியைக் கணினி வழக்கமாக இருக்கும் மேசையின்மீது வைத்து அளக்க வேண்டும். நான்காவதாக, கணினியை அதன் இடத்திலேயே வைத்து வைஃபை வழியாக அளக்க வேண்டும். ஒவ்வொன்றையும் மும்முறை அளந்து குறித்துக்கொள்வது நலம்.

கம்பியிலேயே வேகம் குறைந்தால், குறை வெளியிலிருந்து வரும் இணைப்பில் உள்ளது; சேவை அளிப்போரிடம் முறையிடலாம். கம்பியில் நன்றாக இருந்து ரூட்டரின் அருகிலேயே கைபேசியில் குறைந்தால், ரூட்டரிலோ அதன் அலைத்தடத்திலோ குறை உண்டு. அருகில் நன்றாக இருந்து மேசையில் குறைந்தால், இடையிலுள்ள தடைகளே காரணம். மேசைமீது கைபேசியில் நன்றாக இருந்து, அவ்விடத்திலேயே கணினியில் மட்டும் குறைந்தால், குறை கணினியின் ஏற்பியில் இருக்கிறது. இந்த நான்காம் நிலையைப் பலரும் கவனியாது விட்டுவிடுகின்றனர்.

மேசைக் கணினிக்கு உரிய இடர்

கைபேசியும் மடிக்கணினியும் தம்முள் ஆண்டெனாவைக் கொண்டவை. அவற்றைக் கையில் எடுத்து வேறிடம் செல்லலாம். மேசைக் கணினியின் நிலை வேறு. அதன் பெட்டி எஃகுத் தகட்டால் ஆனது. பெரும்பாலும் மேசைக்கு அடியில், சுவரை ஒட்டி வைக்கப்படுகிறது. வைஃபை வசதி இல்லாத கணினிகளில் கட்டைவிரல் அளவான ஒரு யுஎஸ்பி ஏற்பியைப் பெட்டியின் பின்புறத்தில் செருகிவிடுகின்றனர். அப்போது ஏற்பிக்கு முன்னால் எஃகுப் பெட்டியும் பின்னால் சுவரும் அமைகின்றன. அலை வந்து சேர வழியேது?

இதற்குப் பரிகாரம் மிகச் சுலபமானது. ஒரு மீட்டர் நீளமுள்ள யுஎஸ்பி நீட்டிப்புக் கம்பியின் ஒரு முனையைக் கணினியிலும், மறுமுனையை ஏற்பியிலும் பொருத்தி, ஏற்பியை மேசையின்மேல், ரூட்டரை நோக்கிய பக்கத்தில், உயரமாக நிறுத்த வேண்டும். பழைய வானொலிப் பெட்டிகளின் காலத்தில், திருச்சி நிலையம் தெளிவாகக் கேட்கவேண்டி ஏரியல் கம்பியை மூங்கிலில் உயர்த்திக் கட்டியவர்களுக்கு இந்த உண்மை புதிதன்று. பெட்டி இருந்த இடத்திலேயே இருக்கலாம்; ஏரியல் அலை வரும் இடத்தில் இருக்க வேண்டும்.

சில கணினிகளில் பின்புறத்தில் இரண்டு திருகு முனைகள் காணப்படும். அவை ஆண்டெனாவைப் பொருத்துவதற்கானவை. ஆண்டெனாக்கள் வாங்கிய அட்டைப்பெட்டியிலேயே தங்கிவிடுவதும் உண்டு. அவ்வாறாயின் அவற்றைத் தேடி எடுத்துப் பொருத்தினாலே குறை தீரும். காந்த அடித்தளமும் சிறு கம்பியும் உடைய ஆண்டெனாவாயின் அதனை மேசைமீது நிறுத்தலாம். இக்கம்பி அளவுக்கு மிஞ்சி நீண்டால் அதிலேயே அலை வலிமை குன்றிவிடும்.

மற்றொரு செய்தியும் உண்டு. யுஎஸ்பி 3.0 வகைச் செருகிகளும், அவற்றில் இணைத்த வன்தட்டுகளும் 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் இரைச்சலை உண்டாக்கக்கூடியவை என்பதை இன்டெல் நிறுவனம் 2012-ஆம் ஆண்டிலேயே விளக்கி வெளியிட்டது. ஏற்பியை அத்தகைய செருகிகளிலிருந்து விலக்கி வைப்பதற்கும் நீட்டிப்புக் கம்பி உதவுகிறது.

ரூட்டரை வைக்கும் இடம்

கண்ணாடி இழைக் கம்பி பெரும்பாலும் வீட்டின் முன்புறத்தில் நுழைகிறது. கருவியும் அங்கேயே, மின் அளவிக்கு அருகில் மாட்டப்படுகிறது. ஆதலால் அலையின் ஒரு பாதி தெருவுக்குப் போய்விடுகிறது. ரூட்டரை வீட்டின் நடுப்பகுதிக்கு மாற்றி, ஐந்து அல்லது ஆறடி உயரத்தில், திறந்த பலகைமீது வைப்பது சிறந்தது. தொலைக்காட்சிக்குப் பின்னாலும், குளிர்சாதனப் பெட்டியின்மீதும், இரும்புப் பீரோவுக்குள்ளும் வைத்தல் கூடாது. நுண்ணலை அடுப்பும் 2.4 கிகாஹெர்ட்ஸ் வரிசையிலேயே இயங்குவதால் அதன் அருகாமையும் தவிர்க்கத்தக்கது. கண்ணாடி இழையை இழுத்தோ கூர்மையாக மடித்தோ இடம் மாற்றினால் அது முறிந்துவிடும். அவ்வேலையை ஊழியரிடம் ஒப்படைக்க வேண்டும்.

ரூட்டரின் குச்சி போன்ற ஆண்டெனா தன் நுனியின் திசையில் அலையை மிகக் குறைவாகவே வீசுகிறது. பக்கவாட்டில் வட்டமாக அதிகம் வீசுகிறது. எனவே ஒரே தளமுள்ள வீட்டில் குச்சிகளைச் செங்குத்தாக நிறுத்த வேண்டும். மாடியில் கணினி இருப்பின் ஒன்றைக் கிடையாகச் சாய்த்துப் பார்க்கலாம்.

கடைத்தெருவை அடுத்து நெருங்கிய வீடுகளில், பக்கத்து வீட்டு ரூட்டர்களும் அதே அலைத்தடத்தில் இயங்கி ஒன்றுக்கொன்று குறுக்கிடும். 2.4 கிகாஹெர்ட்ஸ் வரிசையில் 1, 6, 11 என்னும் மூன்று தடங்களே ஒன்றன்மீது ஒன்று படியாதவை. இவற்றுள் நெரிசல் குறைந்த ஒன்றை ரூட்டரின் அமைப்புப் பக்கத்தில் தெரிந்துகொள்ளலாம். கடவுச்சொல் இன்றி இணைப்பைத் திறந்து வைத்தால் அயலாரும் அதனைப் பயன்படுத்துவர். வேகம் குறைவதோடு பாதுகாப்பும் கெடும்.

கம்பியும் மறு ஒலிபரப்பியும்

இவையனைத்தும் செய்தபின்னும் குறை நீங்காவிடில், ரூட்டரிலிருந்து கணினிக்கு ஈதர்நெட் கம்பி இழுப்பதே உறுதியான வழி. மேசைக் கணினி இடம்பெயராத பொருளாதலால் அதற்குக் கம்பி இயல்பாகவே பொருந்தும். இக்கம்பி 100 மீட்டர் வரை பயன்தரும். கம்பி இயலாத இடத்தில், அலையைப் பெற்று மீண்டும் அனுப்பும் ரிப்பீட்டர் என்னும் கருவியைப் பயன்படுத்தலாம். அதனை அலை எட்டாத மூலையில் வைப்பது பெரும்பிழை. வலிமை இன்னும் நன்றாக உள்ள நடுவிடத்தில் வைத்தால்தான் அது அனுப்புவதற்கு ஏதேனும் இருக்கும். ஒரே அலைவரிசையில் பெற்று அனுப்பும் எளிய கருவிகளில் வேகம் பாதியளவு குறைவதையும் எதிர்பார்க்க வேண்டும்.

எல்லைப் பகுதியில் கைபேசி இரு மாநிலக் கோபுரங்களுக்கிடையே மாறிமாறித் தாவுவதுண்டு. அது வைஃபையின் குறை அன்று. அதற்கென விற்கப்படும் கைபேசி அலைபெருக்கிகளை உரிமம் இன்றி நிறுவுவது சட்டத்திற்குப் புறம்பானது. ஊரில் உள்ள பிறருடைய இணைப்பையும் அவை குலைக்கின்றன. வைஃபை ரிப்பீட்டர் இவ்வகையைச் சேர்ந்தது அன்று.

கேரளத்தில் ஏப்ரல், மே மாதங்களிலும், அக்டோபர், நவம்பர் மாதங்களிலும் பிற்பகல் இடிமழை மிகுதி. வீட்டிற்கு வெளியே செம்புக் கம்பியை இழுத்திருப்போர், இடி தொடங்குமுன் மின்செருகியையும் இணைப்புக் கம்பியையும் கழற்றி வைத்தல் அவசியம்.

வகுப்பறையில் ஒரு சோதனை

ஆசிரியர்கள் இவ்வுண்மைகளை மாணவர்களுக்கு எளிதில் காட்டலாம். ஒரு கைபேசியில் ஹாட்ஸ்பாட்டை இயக்கி மேசைமீது வைக்க வேண்டும். மற்றொரு கைபேசியில், பத்தடி தூரத்திலிருந்து, அதன் வலிமையை மாணவர் ஒருவர் படிக்கட்டும். பின்னர் முதற்கைபேசியை மூடியுள்ள எவர்சில்வர் டப்பாவில் வைத்து மூடி மீண்டும் படிக்கச் செய்ய வேண்டும். எண் பெரிதும் இறங்கும். மூடியின் இடுக்கு வழியே அலை சிறிது கசிவதால் முற்றிலும் மறையாமலும் இருக்கலாம். அடுத்து, டப்பாவுக்குப் பதிலாக அட்டைப்பெட்டியைக் கொண்டு செய்து காண்பித்தால் உலோகத்திற்கும் அட்டைக்கும் உள்ள வேறுபாடு விளங்கும். தூரத்தை ஐந்தடி, பத்தடி, இருபதடி என மாற்றி வரைபடமும் வரையலாம்.

எஃகு டப்பாவுக்குள் இருந்த கைபேசியின் நிலையே மேசைக்கு அடியில், எஃகுப் பெட்டியின் பின்னால் ஒளிந்துள்ள ஏற்பியின் நிலையும் என்பதை மாணவர்கள் தாமே கூறுவர். அன்று மாலை அவர்களில் சிலர் வீடு சென்று, ஒரு மீட்டர் கம்பியால் அதனை மேசைமீது ஏற்றி வைப்பராயின், உதவித்தொகை விண்ணப்பம் உரிய நாளில் போய்ச் சேரும். குடும்பத்தின் மாதச் செலவும் கூடாது.