திகில் படச் சுவரொட்டிகளும் முன்னோட்டங்களும்

அச்சம் பிறக்கும் களன்கள் நான்கெனத் தொல்காப்பியர் மெய்ப்பாட்டியலில் கூறுவார். அணங்கு, விலங்கு, கள்வர், இறை என்பன அவை. விலங்கும் கள்வரும் கண்ணெதிரே நிற்பன. அணங்கோ கண்ணுக்குப் புலனாகாதது. அது முதற்கண் வைக்கப்பெற்றமை நோக்கத்தக்கது. திகில் படங்களுக்குச் சுவரொட்டி அமைப்போர் பலர் இந்நுட்பத்தை மறந்து, கோரைப் பல்லையும் குருதியையும் அப்பிவிடுகின்றனர்.

நல்ல விளம்பரம் மறைத்தே அஞ்சுவிக்கும். 1968-இல் வெளிவந்த 'ரோஸ்மேரிஸ் பேபி' என்னும் ஆங்கிலப் படத்தின் சுவரொட்டியில் பச்சை நிறத்தில் மங்கிய பெண்முகமும், பாறைமேல் தனித்து நிற்கும் குழந்தை வண்டியுமே உள. வண்டிக்குள் இருப்பது யாது என்னும் வினாவே நம்மை அரங்கிற்கு இழுக்கிறது. 'சைக்கோ' (1960) முன்னோட்டத்தில் இயக்குநர் ஹிட்ச்காக், வீடு சுற்றிக் காட்டும் வழிகாட்டிபோல் ஆறு நிமிடங்களுக்கு மேல் பேசிக்கொண்டே நடக்கிறார். தமிழில் 2009-இல் வந்த 'யாவரும் நலம்' தலைப்பினாலேயே இதனைச் செய்தது. திகில் படத்திற்கு இப்படியொரு மங்கலச் சொல்! அவ்வாண்டே வந்த 'ஈரம்' பேயைத் தண்ணீரில் உலவவிட்டது. காவிரிப் படுகையினராகிய நமக்குத் தண்ணீரைக் கண்டு அஞ்சுவது புதிது (வெள்ளக் காலம் நீங்கலாக).

முன்னோட்டத்திற்குத் தணிக்கைச் சான்றிதழ் வேண்டும். சுவரொட்டியோ அவ்வாரியத்தின் முன் செல்வதில்லை. அரங்கினுள் இருப்போர் சீட்டு வாங்கி, விரும்பி அஞ்சுகின்றனர். நீடாமங்கலத்தில் இரயில்வே கேட் அடைபட்டுப் பேருந்து நிற்கையில், சன்னலோரக் குழந்தை எதிர்ச்சுவரைப் பார்க்காதிருக்க இயலுமா? அங்கு ஒட்டப்பட்டிருப்பது அக்குழந்தை வண்டியாயின், பிள்ளை அதனை வண்டியென்றே காணும். அஞ்சுவோர் உடனிருக்கும் பெரியோரே.