அறுவடை மெஷின் லோன்: கையெழுத்து போடுறதுக்கு முன்னாடி மணிக்கணக்கு பாருங்க

"தம்பி, ஒரு பெல்ட் வண்டி எடுத்துட்டா ரெண்டே வருஷத்துல போட்ட காசு வந்துரும். பேங்க்ல உன் சம்பள ஸ்லிப் கேக்குறாங்க, அவ்வளவுதான்."

அறந்தாங்கி, ஆவுடையார்கோவில், மணமேல்குடி பக்கம் இருந்து சென்னைக்கோ ஓசூருக்கோ வேலைக்கு வந்தவங்களுக்கு, தை மாசம் ஊர்ல இருந்து இப்படி ஒரு போன் வர்றது புதுசு இல்ல. அப்பாவோ சித்தப்பாவோ கேக்கும்போது முடியாதுன்னு சொல்றது கஷ்டம். அதனால முதல்ல கணக்கைப் பார்ப்போம்.

மெஷினோட கதையிலிருந்து தொடங்கலாம். அறுக்குறது, அடிக்கிறது, தூத்துறது மூணையும் ஒரே வண்டியில செய்யுற யோசனைக்கு அமெரிக்காவுல 1830-களிலேயே ஹிராம் மூர் காப்புரிமை வாங்கிட்டார். அதைக் குதிரைகள் இழுத்தன. இந்தியாவுல 1980-ல் பஞ்சாப் டிராக்டர்ஸ் கம்பெனி ஸ்வராஜ் 8100 மெஷினைக் கொண்டுவந்தது. கர்தார், பிரீத் மாதிரி பஞ்சாப் கம்பெனிகளும் இந்தத் தொழில்ல வளர்ந்தன. அங்கே கோதுமை வயல் காஞ்சு கிடக்கும், டயர் வண்டி ஓடும். நம்ம சம்பா வயல் அப்படி இல்ல. வடகிழக்குப் பருவமழை தை வரைக்கும் இழுத்தா சேறு காயாது, டயர் புதைஞ்சிடும். அந்த இடத்துலதான் ஜெர்மனியின் கிளாஸ் கம்பெனியோட கிராப் டைகர், ஜப்பானின் குபோட்டா மாதிரி பெல்ட் வண்டிகளுக்கு மவுசு வந்தது. எடை பெல்ட் முழுக்கப் பரவுறதால சேத்துலயும் ஓடும். ஆனா டயர் வண்டியை விட வாடகை அதிகம், பெல்ட் தேய்மானச் செலவும் அதிகம்.

சித்தப்பா பார்த்தது அந்த வாடகையைத்தான். வண்டி வருஷத்துல எத்தனை மணி நேரம் ஓடும்னு அவர் பார்க்கல.

கல்லணைக் கால்வாயின் கடைமடையும் கண்மாய்ப் பாசனமும் இருக்கிற நம்ம பகுதியில பெரும்பாலும் ஒரே போகம். நெல்லு எல்லாம் ஏறக்குறைய ஒரே நேரத்துல பழுக்கும். வெளியூர் வண்டிகளும் அப்பதான் வந்து இறங்கும். மெஷின் வேகமா அறுக்க அறுக்க சீசன் சுருங்கிக்கிட்டே போகுது.

ஒரு உதாரணக் கணக்கு போடுவோம். லோன் 20 லட்சம், வட்டி 11 சதவீதம், 5 வருஷம். இஎம்ஐ சுமார் 43,500 ரூபாய், வருஷத்துக்கு 5.22 லட்சம். வாடகை மணிக்கு 2,400 ரூபாய்னு வைங்க. டீசல், டிரைவர் சம்பளம், புரோக்கர் கமிஷன், லாரி வாடகை போக 1,200 மிஞ்சுதுன்னா, இஎம்ஐக்கு மட்டும் 435 மணி நேரம் ஓடணும். உள்ளூர்ல 25 நாள், தினம் 8 மணி நேரம் ஓடினா 200 மணி நேரம்தான், அதாவது 2.4 லட்சம். மீதி 2.82 லட்சத்துக்கு யார் பொறுப்பு? மாசம் 23,500 ரூபாய் உங்க சம்பளத்துல இருந்து போகும். இதுல ரிப்பேரும் இன்சூரன்ஸும் சேரல.

"மானியம் வருமே?" 40 முதல் 50 சதவீதம்னு சொல்லுவாங்க, ஆனா அதுக்கு உச்சவரம்பு உண்டு. மானியம் கடனைக் குறைக்கும். வண்டி ஓடுற மணி நேரத்தைக் கூட்டாது.

ஜாமீனோ இணைக் கடன்தாரரோ, நீங்க கையெழுத்து போட்டா முழுக் கடனுக்கும் பொறுப்பு. உங்க கிரெடிட் ரிப்போர்ட்டுலயும் அது ஏறும். நாளைக்கு வீட்டு லோன் கேட்டா, இந்த இஎம்ஐயைக் கழிச்சுட்டுத்தான் பேங்க் தகுதியைக் கணக்கு போடும்.

அதுக்காக வண்டியே வாங்கக்கூடாதுன்னு சொல்லல. மூணு கேள்வி கேளுங்க. குறுவைக்கு டெல்டாவுக்கும், அது முடிஞ்சு ஆந்திராவுக்கும் வண்டியோட கூடவே போய்த் தங்க ஆள் இருக்கா? பெல்ட் அறுந்தா அன்னைக்கே பார்ட்ஸ் கிடைக்குமா? மாசத் தவணைக்குப் பதிலா அறுவடையை ஒட்டின அரையாண்டுத் தவணை பேங்க் தருமா?

மூணுக்கும் பதில் இருந்தா தாராளமா இறங்குங்க. இல்லன்னா ஒரு சீசன் வெளி வண்டியை வாடகைக்குப் பிடிச்சு, ஊர்ல நீங்களே ஓட்டிப் பாருங்க. எத்தனை மணி நேரம் ஓடுச்சுன்னு ஒரு நோட்டுல எழுதி வைங்க. சித்தப்பாகிட்ட "முடியாது"ன்னு சொல்றதை விட அந்த நோட்டைக் காட்டுறது சுலபம்.