உஷார்! அல்லிராணி கோட்டை விளிம்பில் நிற்காதீர்கள்

மழை விட்டதும் பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு அரிப்புப் பக்கம் போய்வரலாம் என்று வான் பேசி வைத்திருக்கும் கண்டக்குழி, கற்பிட்டி, புத்தளம் ஆட்களே, புறப்படுமுன் இதைக் கேளுங்கள். அல்லிராணி கோட்டையின் கடல் பக்க விளிம்பு பாறை அல்ல. மண். அதுவும் அடியில் கடல் அறுத்து வைத்திருக்கும் மண். அதன் மேல் ஏறி நிற்காதீர்கள். அதன் கீழே நிழலுக்கு ஒதுங்காதீர்கள்.

கண்டக்குழியில் நமக்கும் கடலுக்கும் நடுவில் மேடு கிடையாது. மணல் அப்படியே சரிந்து தண்ணீரைத் தொடும். காற்றும் அலையும் நீரோட்டத்தின் இழுப்பும் என்ன செய்யும் என்று நம் வீட்டுச் சின்னப் பிள்ளைக்கும் தெரியும். ஆனால் நிற்கிற நிலமே கழன்று போகும் என்ற பயம் நமக்குப் பழக்கமில்லை. நாம் நடந்து பழகிய கோட்டை கற்பிட்டிக் கோட்டை. 1667இல் தொடங்கி 1676இல் ஒல்லாந்தர் கட்டி முடித்த அது சமதரையில் நிற்கிறது. கடற்படையின் பொறுப்பில் இருப்பதால், கூட வருகிறவர் காட்டும் வழியில் நடந்து திரும்பிவிடலாம். அரிப்பில் உங்கள் கண்தான் உங்களுக்குக் காவல்.

ஊர் மக்கள் அல்லிராணி கோட்டை என்று சொல்லும் அந்த இடிபாடு, இலங்கையின் முதல் பிரித்தானிய ஆளுநர் பிரெடரிக் நோர்த் முத்துக்குளிப்பைக் கண்காணிப்பதற்காக 1800களின் தொடக்கத்தில் எழுப்பிய மாளிகை. கட்டியவர் அதைக் கடலுக்குள் கட்டவில்லை. மேட்டின் மேல்தான் கட்டினார். இன்று மேட்டைக் கடல் தின்றுகொண்டே வந்து, கட்டடத்தின் ஒரு பகுதி சரிந்து விழுந்துவிட்டது. செங்கல்லும் சுண்ணாம்புச் சாந்துமாகத் தடித்து நிற்கும் சுவரையே தாங்க முடியாத மண், பத்துப் பேர் தோளோடு தோள் நின்று படம் பிடிப்பதைத் தாங்கும் என்று எப்படி நம்புகிறோம்?

மண் எப்படி விழுகிறது என்பதைத் தெரிந்துகொண்டால் பாதி ஆபத்து விலகும். மேற்குக் கரையில் மே முதல் செப்டம்பர் வரை சோளகம் வீசுகிறது. அந்த மாதங்களின் அலை மேட்டின் அடிவாரத்தை உட்புறமாகக் குடைந்துவிடும். மேலே புல்லும் பற்றையும் முன்போலவே இருக்கும். கீழே தாங்க ஒன்றும் இருக்காது. மேலிருந்து பார்ப்பவருக்கு இது தெரியவே தெரியாது. பிறகு ஒக்டோபரில் தொடங்கும் மழை மேல் மண்ணை ஊறவைக்கிறது. ஊறிய மண் கனக்கும். அதன் பிடிப்பும் தளரும். விளிம்புக்குச் சற்று உள்ளே, விளிம்போடு ஒட்டினாற்போல நீளமாக ஒரு வெடிப்பு ஓடும். அந்த வெடிப்பு கண்ணில் பட்டால், அதற்குக் கடல் பக்கம் உள்ளதெல்லாம் ஏற்கெனவே பிரிந்துவிட்ட மண் என்று எடுத்துக்கொள்ளுங்கள். மழை பெய்யும்போதுதான் விழும் என்பதும் இல்லை. மழை விட்டு வெயில் எறித்துச் சில நாள் கழித்தும் விழும். டிசம்பர் விடுமுறை சரியாக அந்தக் காலத்தில்தான் வருகிறது. என்னைப் பதறவைப்பது அதுதான்.

அரிப்பில் மேடு அப்படியொன்றும் உயரமில்லையே என்று சொல்வார்கள். உயரம் குறைவு என்பதாலேயே பிள்ளைகள் கீழே இறங்கி, மேட்டின் அடியில் உட்கார்ந்து சோற்றுப் பொதியை அவிழ்க்கிறார்கள். ஒரு மீற்றர் நீளம், ஒரு மீற்றர் அகலம், ஒரு மீற்றர் உயரம் கொண்ட மண்ணின் எடை சுமார் ஒன்றரைத் தொன், ஈரமானால் இன்னும் கூடுதல். நெஞ்சு வரை மூடினாலே போதும், மூச்சை உள்ளே இழுக்க முடியாது. தலை வெளியே இருந்தும் ஆள் இறந்துபோகலாம். ஆகவே கடற்கரையில் நடப்பதென்றால் தண்ணீர் ஓரமாக நடங்கள். மேட்டின் உயரத்தைவிடக் கூடுதலான தூரம் தள்ளியே இருங்கள். அடியில் புதிதாக மண் குவிந்து கிடந்தால் அந்த இடம் இன்னும் விழப்போகிறது என்று அர்த்தம்.

செல்பி பற்றி யார் சொன்னாலும் இளம் பிள்ளைகள் சலித்துக்கொள்கிறார்கள். 2017 ஜூனில் இங்கிலாந்தின் தென்கரையில், செவன் சிஸ்டர்ஸ் என்ற வெண்சுண்ண ஓங்கலின் விளிம்பில், படத்துக்காகத் துள்ளிக் குதித்த தென்கொரிய மாணவி ஒருவர் கால் தவறி விழுந்து இறந்தார். நம் நாட்டிலேயே காலிக் கோட்டை மதில்களில், கைப்பிடிச் சுவர் இல்லாத இடங்களில் தவறி விழுந்தவர்கள் இருக்கிறார்கள். திருகோணமலையில் சுவாமி மலையின் இராவணன் வெட்டும் அப்படித்தான், எட்டிப் பார்க்கும் ஆசையைத் தூண்டும் இடம். அங்கே கால் வைப்பது கல்லில் என்பது மட்டுமே வித்தியாசம். அரிப்பில் அந்த ஆறுதலும் இல்லை.

அரிப்புக்கு இன்னும் தெற்கே குதிரைமலை. செம்மண் மேடு கடலுக்குள் மூக்கு நீட்டும் அழகை எழுதி முடியாது; கற்பிட்டியிலிருந்து படகில் போய்ப் பார்க்கலாம் என்று நினைப்பவர்களும் உண்டு. அது 1938இல் அறிவிக்கப்பட்ட வில்பத்து தேசியப் பூங்காவுக்குள் இருக்கிறது. கடல் வழியாக வந்தாலும் அனுமதி வேண்டும். யானையும் கரடியும் சிறுத்தையும் உலாவும் காடு அது. போனில் சிக்னல் கிடைக்காத இடங்களும் உண்டு. அரிப்பு அடங்கிய முசலிப் பகுதி போர் நடந்த மண் என்பதையும் மறக்க வேண்டாம். பாதையை விட்டுப் பற்றைக்குள் இறங்காதீர்கள். துருப்பிடித்த எதையும் பிள்ளைகள் கையால் தொடக் கூடாது.

அரிப்புக்குப் போகவே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. அல்லிராணி கோட்டைக்குப் பக்கத்திலேயே போர்த்துக்கேயர் கட்டி, 1658இல் ஒல்லாந்தர் கைக்குப் போன அரிப்புக் கோட்டை இருக்கிறது. கண்டி இராச்சியத்தில் பத்தொன்பது ஆண்டுகள் பிடிபட்டுக் கிடந்த ரொபர்ட் நொக்ஸ் 1679 ஒக்டோபரில் தப்பி வந்து சேர்ந்தது அங்கேதான். பிள்ளைகளுக்குக் கட்டாயம் காட்ட வேண்டிய கரை. நிலப் பக்கம் நின்று காட்டுங்கள். இடிந்த சுவர்மேல் ஏறவும் விடாதீர்கள்.

மண் விழுந்து யாராவது புதைந்தால், கையைப் பிடித்து இழுக்க வேண்டாம். முதலில் ஒருவர் மேலே கண் வைத்துக்கொள்ளட்டும், இரண்டாவது சரிவு அடிக்கடி வரும். முகத்தையும் நெஞ்சையும் கையால் தோண்டி விடுவியுங்கள். ஆளுக்கு அருகில் மண்வெட்டி போடாதீர்கள். அம்புலன்ஸுக்கு 1990, பொலிஸுக்கு 119, இடர் முகாமைத்துவ நிலையத்துக்கு 117.

முசலிப் பிரதேச சபையிடமும் தொல்பொருள் திணைக்களத்திடமும் ஒரு வேண்டுகோள். விளிம்புக்கு உள்ளே தள்ளி ஒரு வேலியும், தமிழிலும் சிங்களத்திலும் பெரிய எழுத்தில் ஓர் எச்சரிக்கைப் பலகையும் இந்த விடுமுறைக்கு முன்பே போடுங்கள். யாராவது விழுந்த பிறகு போடும் வேலி எங்களுக்கு வேண்டாம்.