ஆயுதம் ஏந்தாதவர்கள் – 14: காஜிப்பூருக்கு வந்த தண்ணீர்

தில்லி மயூர் விஹாரிலிருந்து மீரட் நெடுஞ்சாலையைப் பிடித்தால் சீக்கிரமே காஜிப்பூர் வந்துவிடும். பூ மண்டி, மீன் சந்தை, மலைபோல் குவிந்த குப்பைமேடு. அதற்கப்பால் உத்தரப்பிரதேச எல்லை. 2020 நவம்பர் இறுதியில் மேற்கு உ.பி. விவசாயிகள் டிராக்டர்களை நிறுத்திவிட்டு உட்கார்ந்தது இந்தச் சாலையில்தான். சிங்கு, டிக்ரி எல்லைகளில் பஞ்சாப், ஹரியானா விவசாயிகள் திரண்டிருந்தார்கள். செப்டம்பரில் நாடாளுமன்றம் நிறைவேற்றிய மூன்று வேளாண் சட்டங்களைத் திரும்பப் பெறவேண்டும் என்பது அனைவரின் கோரிக்கை.

இரண்டு மாதக் கடுங்குளிரைத் தாங்கிய போராட்டம், 2021 ஜனவரி 26 அன்று ஒரே பகலில் ஆட்டம் கண்டது. டிராக்டர் பேரணியில் ஒரு பகுதியினர் குறித்த பாதையை விட்டு விலகி, செங்கோட்டைக்குள் புகுந்தார்கள். மோதல்களில் நூற்றுக்கணக்கான போலீசார் காயமடைந்தார்கள். ஐ.டி.ஓ. அருகே டிராக்டர் கவிழ்ந்து ஓர் இளம் விவசாயி இறந்தார். மறுநாள் இரண்டு சங்கங்கள் விலகிக்கொண்டன. காஜிப்பூரில் மின்சாரம் துண்டிக்கப்பட்டது. 28-ம் தேதி, இடத்தைக் காலி செய்யச் சொல்லி போலீஸ் படை குவிந்தது.

அன்று மாலை விவசாயிகள் சங்கத் தலைவர் ராகேஷ் டிகைத் கேமராக்களுக்கு முன் உடைந்து அழுதார். இங்கிருந்து நகரமாட்டேன், என் ஊரிலிருந்து தண்ணீர் வந்தால்தான் குடிப்பேன் என்றார். இரவோடு இரவாக ஊர்களிலிருந்து ஜனங்கள் கிளம்பினார்கள். மறுநாள் முசாஃபர்நகர் மகாபஞ்சாயத்தில் பெருங்கூட்டம். வீட்டுத் தண்ணீரைச் சுமந்துகொண்டு மக்கள் காஜிப்பூருக்கு வந்து சேர்ந்தார்கள். காலியாகிவிடும் என்று எல்லோரும் நினைத்த இடத்தில் கூடாரங்கள் பெருகின.

அகிம்சையின் பலம் இங்கேதான் இருக்கிறது. அடித்தால் அடிக்காமல் இருப்பது அதன் முதல் படி மட்டுமே. ஒதுங்கி நிற்பவர்களையும் எழுந்து வரச்செய்வதே அதன் முழு வேலை. கல் எறியும் கூட்டத்தில் சில நூறு இளைஞர்கள் சேரலாம். தண்ணீர் சுமக்கும் கூட்டத்தில் பாட்டியும் பேரனும் சேரலாம். எரிக்கா செனோவெத், மரியா ஸ்டீஃபன் என்ற ஆய்வாளர்கள் 1900 முதல் 2006 வரை நடந்த 323 போராட்டங்களை ஆராய்ந்தார்கள். ஆயுதம் ஏந்தியவற்றில் 26 சதவிகிதம் வென்றன. ஏந்தாதவற்றில் 53 சதவிகிதம். அதற்கு அவர்கள் சொல்லும் முக்கியக் காரணமும் பங்கேற்பின் பரப்புதான்.

பிப்ரவரித் தொடக்கத்தில் காஜிப்பூர் சாலையில் முள்கம்பி வந்தது. கூரான இரும்பு ஆணிகள் வரிசையாகப் பதிக்கப்பட்டன. ஆணிகளுக்கு அருகே மண்ணைக் கொட்டி டிகைத் பூச்செடி நட்டார். அந்தப் படத்தைப் பார்த்த எவருக்கும், யார் யாருக்கு அஞ்சுகிறார்கள் என்று விளக்கவேண்டிய தேவை இருக்கவில்லை.

வெயில், மழை, கொரோனா இரண்டாம் அலை எல்லாம் கடந்து, நவம்பர் 19 அன்று சட்டங்கள் திரும்பப் பெறப்படும் எனப் பிரதமர் அறிவித்தார். உ.பி., பஞ்சாப் தேர்தல்கள் நெருங்கியதும் ஒரு காரணம்தான். ஆனால் ஓராண்டு கலையாமல் உட்கார்ந்திருந்ததால்தான் தேர்தலில் அவர்களைக் கணக்கில் எடுக்கவேண்டி வந்தது. குறைந்தபட்ச ஆதரவு விலைக்குச் சட்ட உத்தரவாதம் அப்போது கிடைக்கவில்லை. அந்தக் கோரிக்கையை விடாமலேதான் டிசம்பரில் ஊர் திரும்பினார்கள்.

அடுத்த வாரம்: 1930, வேதாரண்யம். உப்பு யாத்திரைக்காரர்களுக்குச் சோறு போட்டால் தண்டனை என்று தஞ்சாவூர் கலெக்டர் தோர்ன் அறிவித்தபோது, வழியோர ஊர்மக்கள் செய்தது என்ன?

(தொடரும்)